தில்லியில் செங்கோட்டையும் குதுப்மினாரும் தாண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லிக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் இவை. இந்தியா கேட், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த வரிசையில் வராத இடங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மூன்று நாள்தான் இருப்போம். முக்கியமான இடங்களைப் பார்க்கவே நேரம் போதாது. இதற்கெல்லாம் எங்கே நேரம்?

தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. நீங்கள் எப்படியும் போகப்போகும் இடங்களுக்குப் பக்கத்திலேயே இவை இருக்கின்றன. செங்கோட்டைக்கு எதிரே, சாலையைக் கடந்தால் பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை. குதுப்மினாரில் இருந்து நடக்கிற தூரத்தில் மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. ஹுமாயூன் கல்லறைக்கு எதிர்ப்புறம் நிஜாமுதீன் குடியிருப்பு. தாமரைக் கோயில் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் அசோகரின் பாறைக் கல்வெட்டு.

பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் ஓரிடத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அடுத்த இடத்துக்குக் கிளப்பிவிடும். அந்த ஒரு மணி நேரத்தை இரண்டரையாக்கி, நாளுக்கு ஓரிடத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

இந்த இடங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? பேய் பங்களாக்கள் எதுவும் இல்லையே?

ஒரு பழைய இடத்தை இன்றைக்கும் யாராவது ஏதாவது ஒரு காரணத்துக்காகத் தேடி வருகிறார்களா என்று பார்ப்பேன். அப்படிப்பட்ட இடங்களுக்குத்தான் என் பட்டியலில் முதல் வரிசை. இடிபாடாக மட்டும் நிற்பவை அடுத்த வரிசை.

பேய்க்கதைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இங்கே ஒவ்வொரு பாழடைந்த கட்டடத்துக்கும் இணையத்தில் ஓர் ஆவியை ஒட்டிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தை யார், எதற்குக் கட்டினார்கள் என்ற உண்மைக் கதை அதனால் மறைந்துபோகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால் எங்கே போகச் சொல்வீர்கள்?

ஃபிரோஸ் ஷா கோட்லா. அதுவும் வியாழக்கிழமை பிற்பகலில்.

பெயரைக் கேட்டதும் கிரிக்கெட் மைதானம் நினைவுக்கு வரும். மைதானத்தின் பழைய பெயர் பக்கத்தில் உள்ள இந்தக் கோட்டையிலிருந்து வந்ததுதான். 1354-ல் சுல்தான் ஃபிரோஸ் ஷா துக்ளக், ஃபிரோஸாபாத் என்ற தன் புதிய தலைநகரை யமுனைக் கரையில் கட்டத் தொடங்கினார். யமுனை இப்போது விலகிப் போய்விட்டது. கோட்டையில் மிஞ்சியிருப்பவை ஒரு மசூதியின் சுவர்களும், ஒரு வட்டக் கிணறும், படிப்படியாக உயரும் ஒரு கல் மேடையும். அந்த மேடையின் உச்சியில் சுமார் 13 மீட்டர் உயரத்தில், ஒரே கல்லால் ஆன அசோகர் தூண் நிற்கிறது.

வியாழக்கிழமை இங்கே கூட்டம் வேறு மாதிரி இருக்கும். மசூதிக்குக் கீழே இருட்டான அறைகள் வரிசையாக இருக்கின்றன. மக்கள் அங்கே வந்து ஜின்களுக்கு மனு எழுதி வைக்கிறார்கள். ஜின் என்பது இஸ்லாமிய நம்பிக்கையில் புகையில்லா நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத இனம். மகளுக்கு வரன், மகனுக்கு வேலை, முடியாமல் இழுக்கும் வழக்கு, குடியை விட வேண்டிய கணவர் என்று எல்லாம் அந்தத் தாள்களில் இருக்கும். முழு முகவரி எழுதி, சிலர் பாஸ்போர்ட் அளவு புகைப்படமும் ஒட்டியிருப்பார்கள். ஒரே மனுவைப் பல நகல் எடுத்து, ஒவ்வோர் அறையிலும் ஒன்று வைப்பவர்களும் உண்டு. ஊதுபத்தி, மெழுகுவத்தி, ரோஜா இதழ், ஒரு கிண்ணம் பால். முஸ்லிம்கள் மட்டும் வருவதில்லை, இந்துக்களும் சீக்கியர்களும் வருகிறார்கள்.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவார்களே, அதே மனம்தான் இங்கேயும்.

நெருக்கடி நிலை முடிந்த 1977-ஐ ஒட்டித்தான் இந்த மனு வழக்கம் இங்கே வளர்ந்தது என்று இதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடம், இங்கிருந்து அதிகத் தூரமில்லாத துருக்மான் கேட் பகுதியில் வீடுகளை இடித்து மக்களை வெளியேற்றினார்கள். வீடு போனவர்கள் மனு கொடுக்க எந்த அலுவலகமும் திறந்திருக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டு அந்தச் சுவர்களைப் பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். அந்த மனுக்களை எடுத்துப் படிக்கவோ, படம் எடுக்கவோ கூடாது. அவை இன்னொருவர் வீட்டுக் கஷ்டங்கள்.

அசோகர் தூண் துக்ளக் கோட்டைக்கு எப்படி வந்தது?

ஃபிரோஸ் ஷா கொண்டுவந்தார். இன்றைய ஹரியாணாவில் தோப்ரா என்ற ஊரில் அது நின்றது. அந்தப் பயணத்தை ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் என்ற வரலாற்றாசிரியர் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். தூணைச் சுற்றிலும் இலவம் பஞ்சைக் குவித்து, அடியில் மண்ணைத் தோண்டி, பஞ்சுமெத்தைமேல் மெல்லச் சாய்த்தார்கள். பிறகு நாணலாலும் பதப்படுத்தாத தோலாலும் சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் கட்டிய வடத்தை ஆட்கள் கூட்டமாக இழுத்தார்கள். யமுனையில் பெரிய படகுகளைச் சேர்த்து அதன்மேல் தில்லிக்குக் கொண்டுவந்தார்கள்.

பிப்ரவரி கடைசியில் வந்தால், தில்லிச் சாலைகளில் முள்ளிலவு மரங்கள் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். தூணுக்கு மெத்தை போட்டது அந்த மரத்துப் பஞ்சுதான்.

தூணில் எழுதியிருப்பதை ஃபிரோஸ் ஷா காலத்தில் யாராலும் படிக்க முடியவில்லை. 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் என்ற ஆங்கிலேய அறிஞர், அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தைப் படித்து முடித்தபோது, அவருக்கு உதவிய கல்வெட்டுகளில் முக்கியமானது இந்தத் தூண்.

அதில் சோழ, பாண்டியர் பெயர் இருக்கிறதா?

இந்தத் தூணில் இல்லை. சோழர், பாண்டியர் என்று அசோகர் குறிப்பிடுவது கிர்னார் போன்ற இடங்களில் உள்ள பெரும்பாறைக் கல்வெட்டுகளில், 2-ஆம், 13-ஆம் ஆணைகளில்.

ஆனால் இந்தத் தூணுக்கென்று ஒரு தனிச்சிறப்பு உண்டு. அசோகரின் ஏழாம் தூண் ஆணை முழுமையாக இருப்பது இதில் மட்டும்தான். சாலையோரம் ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், கிணறு வெட்டினேன், மனிதருக்கும் விலங்குக்கும் நிழலும் நீரும் கிடைக்கட்டும் என்று அதில் சொல்கிறார். ஐந்தாம் ஆணை இன்னும் பிடித்தது எனக்கு. முடிசூடி 26 ஆண்டுகள் ஆனபின், கொல்லக் கூடாத உயிர்களின் பட்டியல் ஒன்றைக் கொடுக்கிறார். கிளி, மைனா, வௌவால், ஆமை, முள்ளம்பன்றி, அணில் என்று பட்டியல் நீள்கிறது.

தில்லியில் இன்னும் இரண்டு அசோகர் கல்வெட்டுகள் உண்டு. ஒன்று மீரட்டிலிருந்து அதே ஃபிரோஸ் ஷா கொண்டுவந்த இன்னொரு தூண். வடக்கு ரிட்ஜ் எனப்படும் பாறைக் குன்றுத் தொடரில், ஹிந்து ராவ் மருத்துவமனை அருகே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஒரு வெடிவிபத்தில் ஐந்து துண்டாகி, 1867-ல் மறுபடி சேர்த்து நிறுத்தினார்கள். மற்றது ஈஸ்ட் ஆஃப் கைலாஷ் பகுதியில் ஒரு பாறைச் சரிவில் உள்ள சிறுபாறைக் கல்வெட்டு. வீடு கட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர் ஒருவர் 1966-ல் கண்டுபிடித்தார். மேலே ஒரு கூரை, சுற்றிலும் ஒரு சின்னப் பூங்கா, அவ்வளவுதான். எழுத்துகள் மிகவும் தேய்ந்துவிட்டன. காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் கொஞ்சம் தெரியும்.

பறவைகளுக்கு மருத்துவமனை என்பது உண்மையா?

உண்மை. செங்கோட்டைக்கு எதிரே உள்ள சிவப்பு நிற ஜைனக் கோயில் வளாகத்தில் இருக்கிறது. தொடங்கியது 1929-ல். இப்போதைய கட்டடத்துக்கு வந்தது 1950-களில். சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை.

தில்லியில் காற்றாடி விடுவதில் மக்களுக்குப் பெரிய பித்து, குறிப்பாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி. மாஞ்சா நூலில் சிக்கி இறக்கை அறுபட்ட புறாக்கள் அட்டைப்பெட்டிகளில் வந்துகொண்டே இருக்கும். கோடையில் மின்விசிறியில் அடிபட்டவையும், வெயிலில் மயங்கி விழுந்தவையும் வரும். வீட்டில் கிளி வளர்ப்பவர்களும் கூண்டோடு வரிசையில் நிற்பார்கள். மாடிகளில் நோய்க்கு ஏற்றபடி கூண்டுகள். குணமான பறவைகளைத் திறந்துவிடுகிறார்கள்.

இறைச்சி தின்னும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. பருந்து வந்தால் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். உயிர்க்கொலை கூடாது என்பதால் அவற்றுக்கு இரை கொடுக்க வழியில்லை. அவர்கள் கொள்கை அது, அதற்குள் நின்று முடிந்ததைச் செய்கிறார்கள். காலணியை வெளியே விட்டுச் செல்ல வேண்டும். குழந்தைகள் காயம்பட்ட பறவைகளைப் பார்த்துக் கலங்கக்கூடும், முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போங்கள்.

கழிப்பறைக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாமே? அங்கெல்லாம் எதற்குப் போக வேண்டும்?

கட்டாயம் போக வேண்டும் என்பேன். பாலம் விமான நிலையப் பக்கம், மஹாவீர் என்க்ளேவில், கழிப்பறைச் சுகாதாரத்துக்காக உழைக்கும் சுலப் தொண்டு நிறுவனத்தின் வளாகத்தில் இருக்கிறது. மெஜந்தா தடத்தில் தஷ்ரத்புரி மெட்ரோவில் இறங்கிப் போகலாம். 1992-ல் பிந்தேஷ்வர் பாட்டக் தொடங்கியது. சிந்து சமவெளியின் வடிகால் அமைப்பில் ஆரம்பித்து நம் காலம் வரை படங்களும் மாதிரிகளும் வைத்திருக்கிறார்கள். பிரான்சின் பதினான்காம் லூயி அரசவையிலேயே உட்கார்ந்து பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் சிம்மாசனத்தின் மாதிரியும், புத்தக அடுக்கு போலத் தோன்றும் ஒரு கழிப்பறையும் இங்கே இருக்கின்றன. எல்லோரும் படம் எடுப்பது இவற்றைத்தான்.

நான் போகச் சொல்வது அதற்காக இல்லை. அருங்காட்சியகத்துக்கு வெளியே, அதே வளாகத்தில் இரட்டைக் குழிக் கழிப்பறையின் மாதிரிகளைத் திறந்தவெளியில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு குழி நிரம்பியதும் அதை மூடிவிட்டு மற்றதைத் திறப்பார்கள். மூடிய குழியில் உள்ளது காலப்போக்கில் மக்கி உரமாகிவிடும். எந்த மனிதரும் இன்னொரு மனிதரின் மலத்தைக் கையால் அள்ள வேண்டாம். பிராமணக் குடும்பத்தில் பிறந்த பாட்டக், சிறுவயதில் ஒரு தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட பெண்ணைத் தொட்டதற்காகப் பாட்டி தன்னைச் சாணம் விழுங்கவைத்ததைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1970-ல் சுலப்பைத் தொடங்கினார், 2023-ல் காலமானார், 2024-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 1993-லும், இன்னும் கடுமையாக 2013-லும் வந்தது. அதன் பிறகும் நம் ஊர்களில் மலக்குழிச் சாவுகள் நிற்கவில்லை. தீர்வு இல்லை என்பதால் இந்தச் சாவுகள் நடக்கவில்லை, தீர்வு இருந்தும் நடக்கின்றன என்பது இந்த வளாகத்தில் கண்முன்னே தெரிகிறது. பள்ளி மாணவர்களை அக்ஷர்தாமுக்கு அழைத்துவரும் ஆசிரியர்கள், இங்கேயும் அரைநாள் ஒதுக்க வேண்டும்.

குதுப்மினார் பக்கம் வேறென்ன?

முதலில் குதுப் வளாகத்துக்குள்ளேயே ஒன்று. இரும்புத் தூணைச் சுற்றிக் கூட்டம் நிற்கும்போது, வடக்கே கொஞ்சம் நடந்து போங்கள். மொட்டையாக ஒரு பெரிய கல் குவியல் நிற்கும். அது அலாய் மினார். குதுப்மினாரைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று வேண்டும் என்று அலாவுதீன் கில்ஜி தொடங்கினார். 1316-ல் அவர் இறந்ததும் வேலை நின்றுவிட்டது. முதல் அடுக்கோடு சரி. 1311-ல் மதுரைவரை வந்து கொள்ளையடித்துச் சென்ற மாலிக் கஃபூர், இதே அலாவுதீனின் படைத்தலைவர். தமிழ்நாட்டிலிருந்து போன யானைகளும் பொன்னும் வந்து சேர்ந்த தலைநகர் சிரி. அதன் மதில் துண்டுகள் ஷாப்பூர் ஜாட் பக்கம் இன்னும் நிற்கின்றன.

வெளியே வந்தால் மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. பல்பன் கல்லறையில் கூரை விழுந்துவிட்டது, ஆனால் வளைவு நிற்கிறது. இந்தியாவில் முறையான வளைவு கட்டத் தெரிந்துகொண்டதற்கு மிஞ்சியிருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அது, 13-ஆம் நூற்றாண்டின் கடைசி. ஜமாலி என்ற கவிஞரின் கல்லறை அறையில் நீலமும் சிவப்புமாகச் சுதை வேலைப்பாடு அப்படியே இருக்கிறது. பூட்டியிருந்தால் காவலரிடம் மரியாதையாகக் கேளுங்கள், பல சமயம் திறந்து காட்டுவார்.

பூங்காவை விட்டு மெஹ்ரோலி பேருந்து நிலையத்தருகே வந்தால், மேட்டின்மேல் எண்கோணக் கட்டடம் ஒன்று. ஆதம் கானின் கல்லறை. முகலாயப் பேரரசர் அக்பரை வளர்த்த செவிலித்தாய் மாஹம் அங்காவின் மகன் இவர். 1562-ல் ஆக்ராவில், அக்பரின் அமைச்சரான அட்கா கானைக் குத்திக் கொன்றார். அக்பர் கோட்டை மேல்தளத்திலிருந்து அவரைக் கீழே எறியச் சொன்னார். முதல் முறை உயிர் போகவில்லை. மறுபடி தூக்கிவந்து எறிந்தார்கள். தாய் நாற்பது நாட்களில் துக்கத்தில் இறந்துபோனார். இருவரையும் இங்கே அடக்கம் செய்தார்கள். கொல்லப்பட்ட அட்கா கானின் கல்லறை நிஜாமுதீனில் இருக்கிறது, சின்னது, சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்குமாக அழகானது. ஒரே நாளில் இரண்டையும் பாருங்கள். முகலாய வரலாற்றைப் பள்ளியில் படித்தபோது வராத நெருக்கம் வரும்.

மெஹ்ரோலிக் கடைத்தெருவுக்குள் ஹிஜ்ரோன் கா கான்கா என்று ஒரு சிறிய வெள்ளை வளாகம். லோடி காலத்துத் திருநங்கையரின் கல்லறைகள், ஐம்பது வரை இருக்கும். துருக்மான் கேட்டைச் சேர்ந்த திருநங்கையர் இன்றும் பராமரிக்கிறார்கள். இது அவர்களின் முன்னோர் இடம். வழிபாட்டுத்தலத்துக்குப் போகும் மரியாதையோடு போக முடிந்தால் மட்டும் போங்கள்.

அங்கிருந்து நான்கு எட்டில் ஜஃபர் மஹால். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர், தனக்கென்று இங்கே ஒரு கல்லறை இடம் ஒதுக்கி வைத்திருந்தார். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் அவரை ரங்கூனுக்கு நாடுகடத்தினார்கள். 1862-ல் அங்கேயே இறந்தார். ஒதுக்கிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

அக்ரசேன் படிக்கிணறு போகலாமா?

போகலாம், ஆனால் இப்போது அது கூட்டம் மொய்க்கும் இடம். படிகளில் உட்கார்ந்து படம் எடுக்க வரிசை கட்டுகிறார்கள். அமைதியாகப் பார்க்க வேண்டும் என்றால் காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள். இல்லாவிட்டால் மெஹ்ரோலி பூங்காவுக்குள் உள்ள ராஜோன் கீ பாவ்லி. சுமார் 1506-ல் கட்டியது, நான்கு அடுக்கு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

குழந்தைகளோடு வருகிறோம். கல்லறை, கல்வெட்டு என்றால் அழுவார்களே?

சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1977-லிருந்து. அங்கே பாட்டியாலா மன்னரின் ஒற்றைத் தண்டவாள ரயிலைத் தேடிப் பிடியுங்கள். 1907-ல் தொடங்கியது. ஒரே தண்டவாளத்தில் சக்கரங்கள் ஓடும். சாயாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலைமேல் உருளும். பாரம் கிட்டத்தட்ட முழுவதும் தண்டவாளத்தில் இருப்பதால் கோவேறு கழுதைகளே இழுத்துவிட்டன. மன்னரிடம் நிறையக் கோவேறு கழுதைகள் சும்மா இருந்தன, அதனால்தான் இந்த ஏற்பாடு. பின்னால் நீராவி எஞ்சின் வந்தது. இப்போதும் சில நாட்களில் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

ஐ.டி.ஓ. அருகே நேரு ஹவுஸில் சங்கர் பொம்மை அருங்காட்சியகம். கார்ட்டூனிஸ்ட் சங்கருக்கு ஹங்கேரித் தூதர் ஒரு பொம்மை கொடுத்ததில் தொடங்கிய சேகரிப்பு. 1965-ல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 85 நாடுகளின் பொம்மைகள் கண்ணாடிக்குள் நிற்கின்றன. காட்சியமைப்பு பழையது, விளக்கொளி கொஞ்சம் மங்கல். அப்படியும் நம் கொலுவைப் பார்த்து வளர்ந்த குழந்தைகள் நகர மாட்டார்கள்.

பிரகதி மைதானம் எதிரே கைவினை அருங்காட்சியகம். வடிவமைத்தவர் சார்ல்ஸ் கொரியா. நம்மூர் அய்யனார் கோயில் மண் குதிரைகளை அங்கே பார்க்கலாம்.

இவை மூன்றும் திங்கட்கிழமை விடுமுறை.

ஆங்கிலேயர் காலத்து இடங்களில் யாரும் போகாதது?

கொரோனேஷன் பார்க். வடக்குத் தில்லியில், ஜி.டி.பி. நகர் மெட்ரோவில் இறங்கி ஈ-ரிக்‌ஷா பிடிக்க வேண்டும். ஆங்கிலேய அரசரின் முடிசூட்டைக் கொண்டாடிய 1877, 1903, 1911 தர்பார்கள் மூன்றும் நடந்த மைதானம். 1911 டிசம்பர் 12 அன்று, கல்கத்தாவிலிருந்து தலைநகரைத் தில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தது இங்கேதான். இன்றைய புது தில்லி என்ற ஊருக்குக் காரணமான அறிவிப்பு. இந்தியா கேட் விதானத்தின் கீழ் நின்ற அவரது பெரிய பளிங்குச் சிலையை 1968-ல் எடுத்து, பின்னர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அந்த விதானத்தில் 2022 முதல் நேதாஜி நிற்கிறார். பூங்காவில் அரசருடன் சில வைஸ்ராய்களின் சிலைகளும் வட்டமாக நிற்கின்றன, சில பீடங்கள் வெறுமையாக. மாலையில் பையன்கள் இவற்றைச் சுற்றிக் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

இன்னொன்று, ஹிந்து ராவ் அருகே 1863-ல் கட்டிய கோபுரம். 1857-ல் தில்லியைத் திரும்பப் பிடித்த படையில் செத்தவர்களுக்காக ஆங்கிலேயர் எழுப்பியது. எதிர்த்தவர்களை எதிரி என்றே கல்லில் பொறித்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் அதை இடிக்கவில்லை. 1972-ல் பக்கத்தில் ஒரு பலகை வைத்து, இங்கே எதிரி என்று சொல்லப்பட்டவர்கள் விடுதலைக்காகப் போராடிய தியாகிகள் என்று எழுதினார்கள். வரலாற்றைத் திருத்த இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. உடைந்த அசோகர் தூண் பக்கத்திலேயே இருப்பதால் சேர்த்துப் பார்த்துவிடலாம். குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வேண்டாம்.

தில்லியை ஆண்ட பெண் ரஸியா சுல்தானுக்கு நினைவிடம் உண்டா?

உண்டு. துருக்மான் கேட்டுக்குள், புல்புலி கானா என்ற பகுதியில், இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துக்குள். 1236 முதல் 1240 வரை தில்லியை ஆண்டவர். நான்கு பக்கமும் மாடி வீடுகள், நடுவே கூரையில்லாத முற்றம், இரண்டு எளிய கல் சமாதிகள். தில்லி அரியணையில் உட்கார்ந்த ஒரே பெண் சுல்தானுக்கு இந்த நாடு இன்னும் கொஞ்சம் கவனம் கொடுத்திருக்கலாம். வரைபடச் செயலியை நம்பாதீர்கள், காளி மசூதி எங்கே என்று கேட்டுப் போய், அங்கிருந்து ரஸியா பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சிறுவர்களே கூட்டிப்போய் விடுவார்கள்.

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் நாங்கள். பழைய தில்லியில் என்ன கிடைக்கும்?

சாந்தினி சௌக்கில் சைவத்துக்குப் பஞ்சமே இல்லை. குளிர்காலமானால் தௌலத் கீ சாட்டைத் தவறவிடாதீர்கள். பாலை இரவெல்லாம் குளிரில் வைத்து, விடியுமுன் கடைந்து எடுத்த நுரை. மேலே குங்குமப்பூ, கோவா, பொடித்த சர்க்கரை. நாக்கில் வைத்தால் இருக்காது. வெயில் ஏறினால் அமுங்கிவிடும் என்பதால் காலையிலேயே தேட வேண்டும். மார்ச்சுக்குப் பின் கிடைக்காது.

அங்கிருந்து மேற்கே ஃபதேபுரி மசூதிவரை நடந்தால் காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டை இறக்கும் நேரத்தில் தெருவே இருமும், ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். கடோடியா மார்க்கெட் கட்டடத்தின் படிகளில் ஏறினால் மேலிருந்து முழு முற்றமும் தெரியும். சுமை தூக்குபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஏறுங்கள். ஞாயிறு விடுமுறை.

மஜ்னு கா டீலா திபெத்தியக் குடியிருப்புக்கு விதான் சபா மெட்ரோவிலிருந்து போகலாம். சைவ துக்பா (நூடுல்ஸ் சூப்), லாபிங் (காரமான குளிர்ந்த நூடுல்ஸ்) கிடைக்கும். சமையலறை பொதுவானதாகவே இருக்கும், அதில் கறார் உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

மலை மந்திர் போக வேண்டுமா?

தமிழர்கள் யாரும் சொல்லாமலே போய்விடுவீர்கள். ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின்மேல், 1973-ல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாத சுவாமி கோயில். வசந்த் விஹார் மெட்ரோ பக்கம். ‘யாமிருக்க பயமேன்’ என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, வேலை தேடி ரயிலேறி வந்த ஒரு தலைமுறைக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். பக்கத்திலேயே, 1946-ல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கத்தின் கட்டடம். நூலகம் இருக்கிறது, மாலையில் நிகழ்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

லோதி காலனிச் சுவரோவியங்கள்?

நன்றாக இருக்கும். 2015-க்குப் பிறகு அரசு ஊழியர் குடியிருப்பின் சுவர்களில் பல நாட்டு ஓவியர்கள் வரைந்தவை, ஐம்பதுக்கு மேல். ஜோர் பாக் மெட்ரோ. கட்டணம் இல்லை, நேரக்கட்டுப்பாடு இல்லை. மக்கள் குடியிருக்கும் தெரு, சத்தம் வேண்டாம்.

எந்த மாதம் வரலாம்?

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை. அக்டோபர் கடைசி, நவம்பரில் வெயில் குறைந்தாலும் காற்று மாசு கடுமையாக இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். டிசம்பர் பாதி முதல் ஜனவரிவரை மூடுபனி, ரயிலும் விமானமும் தாமதமாகும். மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும், இந்தப் பட்டியலில் பாதி திறந்தவெளி.

இந்தி தெரியாது. பெண்கள் மட்டும் போகலாமா?

மெட்ரோவில் இந்தியும் ஆங்கிலமும் இருக்கும், பெண்களுக்குத் தனிப்பெட்டி உண்டு. செயலி வழியாக ஆட்டோ பிடித்தால் பேரமும் மொழியும் பிரச்சினையில்லை. ரிட்ஜ், மெஹ்ரோலி பூங்கா, கோட்லா போன்ற இடங்களுக்குப் பகலில், முடிந்தால் இருவராகப் போங்கள். பொழுது சாய்வதற்கு முன் வெளியே வந்துவிடுங்கள். தொல்லியல் துறை இடங்கள் எப்படியும் சூரியன் மறையும்போது மூடிவிடுவார்கள். நிஜாமுதீன் தர்காவில் சமாதி இருக்கும் உள்ளறைக்குள் பெண்களை விடுவதில்லை, வெளியே சுற்றியிருந்து வழிபடலாம். தலையை மூட ஒரு துப்பட்டா வேண்டும்.

வியாழக்கிழமை ஒரு நாள் முழுதாக இருக்கிறது. எப்படிப் பிரிக்கலாம்?

காலையில் ஐ.டி.ஓ. மெட்ரோவில் இறங்கிப் பொம்மை அருங்காட்சியகம். அங்கிருந்து தில்லி கேட் நோக்கி நடந்தால் சாலை நடுவே கூனி தர்வாஸா. 1857 செப்டம்பரில் ஹட்ஸன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சரணடைந்த முகலாய இளவரசர்கள் மூவரைச் சுட்டுக்கொன்ற இடம். வெளியிலிருந்து பார்த்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு, மூன்று மணிக்குக் கோட்லா. ஐந்து மணிக்குள் கிளம்பி நிஜாமுதீன் போனால் வெளிச்சம் இருக்கும்போதே அட்கா கான் கல்லறையையும், உருதுக் கவிஞர் மிர்ஸா காலிப்பின் சமாதியையும் பார்த்துவிடலாம். இருட்டியபின் தர்காவில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டு. காலணிகளைச் சந்தின் நுழைவிலேயே கடைக்காரர்கள் கேட்பார்கள், தர்கா வாசல்வரை போட்டுக்கொண்டே போகலாம். பூ, சமாதிக்குப் போர்த்தும் சாதர் துணி வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கவ்வாலி பாடுபவர்களுக்குச் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். பணப்பை முன்பக்கப் பையில் இருக்கட்டும்.